நாலு கட்டையில் ஒரு திருப்பலி

கொச்சி கருணை மாதா பேராலயத்தின் ஆர்கனிஸ்ட் செல்லதுரை மாஸ்டருக்கு மஞ்சுஷாவின் மீது பொறாமை கிடையாது. இதை அவரே பலமுறை, யாரும் கேட்காதபோதுகூடச் சொல்லியிருக்கிறார். கூவப்பாடம் மீன்கடையில் சொன்னார். முடிவெட்டுகிறவரிடம், கழுத்தைச் சுற்றித் துணியோடு, கண்ணாடியைப் பார்த்துச் சொன்னார். மனைவி லூர்துவிடம் சாப்பாட்டுக்கு முன் ஒரு தடவையும் பின் ஒரு தடவையும் சொன்னார்.

“எனக்கென்ன பொறாமை? அவ என் மக வயசு.”

“நமக்குத்தான் மக இல்லையே.”

“இருந்தா அந்த வயசுதானே இருப்பா!”

இல்லாத மகளின் வயதைப் பற்றிச் சண்டை போட லூர்துவுக்கு நேரமில்லை. அடுப்பில் கப்பைக்கிழங்கு வெந்துகொண்டிருந்தது.

மாநகராட்சியில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வுபெற்றவர் செல்லதுரை. ஓய்வுபெற்ற மறுநாளே அலுவலகத்தில் அவர் பெயரை மறந்துவிட்டார்கள். ஆனால் மட்டாஞ்சேரித் தெருவில் அவர் நடந்தால் நாலு பேராவது “மாஷே”, அதாவது வாத்தியாரே, என்பார்கள். அந்த ஒரு சொல்லில்தான் அவர் குடியிருந்தார். பேராலயத்தில் தமிழ்த் திருப்பலி என்று ஒன்று உண்டு. கட்டட வேலைக்கும் ஓட்டல் வேலைக்கும் சந்தை வியாபாரத்துக்கும் வந்த தமிழர்கள் ஞாயிறுதோறும் அதற்குக் கூடுவார்கள். அதற்குப் பாடல்குழுவை உண்டாக்கி, முப்பது வருடமாக வாசித்தும் பாடியும் வருகிறவர் அவர். குழுவில் பாதிப் பேருக்குத் தமிழ் எழுத்து வராது. பாட்டை மலையாளத்தில் எழுதிவைத்துக்கொண்டு தமிழில் பாடுவார்கள். அதையும் அவர் தம் சாதனைகளில் சேர்த்துக்கொண்டார்.

பாடல்குழு நிற்பது வாசலுக்கு மேலே உள்ள மாடத்தில். அதற்கு ஏறும் மரப்படியில் மாஸ்டர் பாதியில் ஒரு முறை நிற்பார். மூச்சு வாங்குவதற்காக அல்ல; மேலே இருப்பவர்கள் எழுந்து நிற்க அவகாசம் வேண்டுமே. மாடத்தில் இருந்தது ஒரு சாதாரண கீபோர்டு. அதை அப்படிச் சொன்னவனோடு அவர் ஒரு மாதம் பேசமாட்டார். “கீபோர்டுங்கது கல்யாண வீட்டுல வாசிக்கது. இது ஆர்கன்.”

அந்த ஆர்கனில் ஒரு சின்னப் பொத்தான் இருந்தது. அதை அழுத்தினால், விரல் ஒரே இடத்தில் இருக்க, ஓசை மட்டும் அரைக் கட்டை அரைக் கட்டையாக ஏறும், இறங்கும். கட்டை என்றால் பாடகர்கள் கணக்கில் சுருதியின் உயரம். மாஸ்டருக்கு வெள்ளை விசைகளில் மட்டுமே வாசிக்க வரும். மீதியைப் பொத்தான் பார்த்துக்கொள்ளும். கொச்சியில் வாசிக்கிறவர்களில் பாதிப் பேர் இந்த ரகம்தான். அவர்கள் சாயா குடிக்கும்போது சிரித்துக்கொண்டே ஒத்துக்கொள்வார்கள். மாஸ்டர் சாயா குடிப்பதோடு நிறுத்திக்கொள்வார்.

பொத்தானுக்கு இன்னொரு வேலையும் இருந்தது. திருநாள் பாட்டு நாலு கட்டையில் பாட வேண்டியது. வயது ஏற ஏற மாஸ்டரின் தொண்டை இறங்கியது. அவர் பாட்டையும் கூடவே இறக்கினார். மூன்று என்றார், இரண்டரை என்றார், கடைசியில் இரண்டில் வந்து உட்கார்ந்தது. அவருக்குச் சௌகரியம். குழுவின் பெண்கள்தான் கிணற்றுக்குள் விழுந்தவர்கள் உதவி கேட்பதுபோலப் பாட வேண்டியிருந்தது. ஒரு முறை வைப்பின் தீவிலிருந்து கல்யாணத்துக்கு வந்த ஒருவர், “அடக்கத் திருப்பலி முடிஞ்சதும் கல்யாணமா?” என்று கேட்டார். மாஸ்டர் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டார். பக்தி என்றால் கனம் இருக்கவேண்டும்.

இப்படி எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருக்கையில், ஜெர்மனியில் எங்கோ ஆள் வராமல் மூடிய ஒரு கோயிலிலிருந்து ஓர் ஆர்கன் கப்பலேறி, வல்லார்பாடம் துறைமுகத்தில் கன்டெயினரோடு இறங்கி, லாரியில் வந்து சேர்ந்தது. கரண்டில் ஓடுவதுதான். ஆனாலும் இரண்டு அடுக்காக விசைகள். போதாததற்குக் கீழே, காலால் மிதித்து வாசிக்க மரக்கட்டைகளின் வரிசை ஒன்று.

திறப்பு விழாவுக்கு மாஸ்டர் கோட்டு போட்டு வந்தார். பங்குத்தந்தையான விகாரி அச்சன் ஜெபம் சொல்லித் தீர்த்தம் தெளித்தார். மாஸ்டர் பெஞ்சில் நகர்ந்து உட்கார்ந்து, கையைத் தூக்கி, கண்ணை மூடினார். கண்ணை மூடியதில் காலைப் பார்க்கவில்லை. பூட்ஸ் இரண்டு மரக்கட்டைகளை ஒன்றாக மிதித்தது.

துறைமுகத்தில் கப்பல் கிளம்பும்போது ஊதுமே, அந்தச் சத்தம். தூண் மறைவில் தூங்கிக்கொண்டிருந்த புறாக்கள் மொத்தமும் பறந்தன.

“மாஷே, கப்பல் கிளம்பியாச்சா?” என்றார் சேவியர். பஜார் ரோட்டில் பழக்கடை வைத்திருப்பவர், குழுவில் அடித்தொண்டைப் பாடகர். அவர் சிரித்தது, பழக்கடையில் பேரம் பேசுகிற பெண்களிடம் சிரிக்கிற அதே சிரிப்பு.

மாஸ்டர் பொத்தானைத் தேடினார். மேலே இல்லை, பக்கத்தில் இல்லை. எழுதியிருந்ததெல்லாம் ஜெர்மன். “மெஷின் இன்னும் செட் ஆகல,” என்று சொல்லி எழுந்தார்.

அப்போதுதான் பின்னாலிருந்து குரல் வந்தது. “நான் ஒண்ணு தொட்டுப் பார்க்கட்டா மாஷே?”

மஞ்சுஷா குழுவுக்கு வந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை. கணவனுக்கு வல்லார்பாடம் முனையத்தில் வேலை கிடைத்து, பெங்களூரிலிருந்து வந்தவள். எந்தப் பயிற்சிக்கும் நேரத்துக்கு வந்ததில்லை. வரும்போது கையில் நேந்திரங்காய் வறுவல் பொட்டலம் இருக்கும். அதை அப்போதும் சேவியர் கையில் கொடுத்து, துப்பட்டாவில் எண்ணெயைத் துடைத்து, செருப்பைக் கழற்றி உதறிவிட்டு ஏறி உட்கார்ந்தாள்.

“எந்தக் கட்டை மாஷே?”

“ரெண்டு.”

எதையும் அழுத்தவில்லை. எதையும் திருப்பவில்லை. அப்படியே இரண்டு கட்டையில் வாசித்தாள். கறுப்பு விசைகளின் மேல் விரல் போய் வந்தது, பக்கத்து வீட்டுக்குப் போய் வருவதுபோல. நடுவில் ஓர் இடத்தில் தப்பாக விழுந்தது. “அய்யோ, தப்பிப்போச்சு!” என்று சிரித்துக்கொண்டே தொடர்ந்தாள். முப்பது வருடத்தில் மாஸ்டர் தப்பியபோதெல்லாம் குழுவைத் திரும்பி முறைத்திருக்கிறாரே தவிர, சிரித்ததில்லை. தப்பையும் சிரிப்பாக்க ஒருத்திக்கு உரிமை இருக்கிறது என்பதே அவருக்கு எரிந்தது.

கையாவது போகட்டும். கைக்குக் கை அவரும் ஏதோ சமாளிப்பார். அந்தக் கால்! கொலுசு போட்ட அந்த இரண்டு கால்களும், மேலே நடப்பதற்கும் தங்களுக்கும் சம்பந்தமில்லாததுபோல, குதிகாலும் பெருவிரலுமாக நகர்ந்து நகர்ந்து, கோயில் தரை அதிர ஒரு நாதத்தை எழுப்பின.

“இதெல்லாம் எங்க படிச்சே மோளே?” என்று அச்சன் கேட்டார்.

“காலேஜ் ஹாஸ்டல் சேப்பல்ல ஒண்ணு கிடந்துச்சு ஃபாதர். மெஸ்ஸுல சாப்பாடு மோசம். பசி மறக்க அதைத் தட்டிட்டிருப்பேன்.”

பசிக்குத் தட்டினாளாம். மாஸ்டர் அன்று இரவு சாப்பிடும்போது மேசைக்கடியில் தம் கால்களைப் பார்த்தார். அறுபது வருடம் தூக்கிச் சுமந்த கால்கள். ஒரு நன்றி இல்லை.

பரிசுத்த மாதாவின் திருநாளுக்கு மறைமாவட்ட ஆயர் வருவதாக இருந்தது. அச்சன் மாஸ்டரை அறைக்குக் கூப்பிட்டு உட்காரவைத்து, சாயா வரவழைத்தார். சாயா வந்ததுமே மாஸ்டருக்கு விஷயம் புரிந்துவிட்டது. அந்த அறையில் நல்ல செய்திக்குச் சாயா தருகிற வழக்கமில்லை.

“திருநாளைக்கு மஞ்சுஷா வாசிக்கட்டும் மாஷே. நீங்க முன்னால நின்னு கை காட்டுங்க. கண்டக்டர்!”

“பஸ் கண்டக்டர்தான் ஃபாதர் கை காட்டுவான்.”

“பெரிய பெரிய ஊர்ல எல்லாம் கை காட்டுறவர்தான் பெரிய ஆளு, கேட்டோ.”

“அதுக்கு அடுத்த ஞாயிறு?”

அச்சன் கோப்பைக்குள் பார்த்தார். “திருநாள் முடியட்டும். ஆயர் பிதாவும் கேட்பாரில்லையா. அவருக்கு எப்படித் தோணுதுன்னு பார்ப்போம்.”

ஆக, திருநாள் திருப்பலிதான் தீர்ப்பு. அவள் நன்றாக வாசித்தால் பெஞ்சு அவளுக்கு. சொதப்பினால் பெஞ்சு திரும்பி வரும். மாநகராட்சியில் பிறப்புச் சான்றிதழ் எழுதிய கை, ‘மாஷே’ என்ற சொல் இல்லாமல் தெருவில் எப்படி நடக்கும் என்று மாஸ்டர் யோசித்துப் பார்த்தார். நடக்காது.

திருநாளுக்கு முந்தின நாள் மதியம் கடைசிப் பயிற்சி. இரண்டு கட்டையில் பாடி முடித்து, எல்லோரும் சேவியர் தலைமையில் சாயாக்கடைக்கு இறங்கினார்கள். மாஸ்டர் மட்டும் தங்கிவிட்டார். பெஞ்சில் உட்கார்ந்தார். கால்களை ஜாக்கிரதையாகப் பின்னால் மடக்கிக்கொண்டார். இந்தப் பெண் இங்கே என்னதான் செய்கிறாள் என்று விசைகளின் அடிப்பக்கத்தைக் கையால் தடவிப் பார்த்தபோது, விரலில் ஒரு குமிழ் தட்டியது.

திருப்பினார். ஒரு விசையைத் தொட்டார். ஓசை அரைக் கட்டை ஏறியிருந்தது.

அவர் தேடிய பொத்தான்! திறப்பு விழா அன்றே இது கையில் பட்டிருந்தால், கால் போனால் போகிறதென்று கையால் மானத்தைக் காப்பாற்றியிருப்பாரே. மாஸ்டருக்கு அழுகை வந்தது. அழுகையின் பின்னாலேயே ஒரு யோசனையும் வந்தது. பொறாமைக்காரனின் கண்ணீர் அதிக நேரம் ஈரமாக இருப்பதில்லை.

குழு இரண்டு கட்டைக்குப் பழகியது. இவள் விரல் இரண்டு கட்டைக்குத்தான் போகும். ஆனால் கேட்பது நாலு கட்டையாக இருந்தால்? உச்சத்துக்குப் போகும் வரியில் பெண்கள் தொண்டை கிழியும். சேவியர் கத்துவார். ஆயர் காதைப் பொத்துவார். பழி யாருக்கு? வாசித்தவளுக்கு. கை காட்டினவனுக்கு என்ன தெரியும், பாவம்!

குமிழை இன்னும் இரண்டு முறை ‘டிக்’ என்று திருப்பினார். மொத்தம் மூன்று. மூன்றுக்கும் நாலுக்கும் நடுவே அரைக் கட்டை கிடையாது; இரண்டு கட்டை நாலானது. படியிறங்கி, சாயாக்கடையில் எல்லோருக்கும் பழம்பொரி வாங்கிக் கொடுத்தார். மஞ்சுஷாவுக்கு இரண்டு.

“மாஷுக்கு என்ன ஆச்சு?” என்றார் சேவியர். “நாளைக்குச் சாகப் போறீங்களா?”

திருநாள். பலூன், மேளம், முத்துக்குடை, பட்டுப்புடவை. ஆயர் பவனியாக உள்ளே வந்தார். மஞ்சுஷா அன்றும் தாமதம். ஓடி வந்து உட்கார்ந்த மூச்சோடு முதல் நாதத்தை வைத்தாள். வைத்தவள் ஒரு நொடி நின்றாள். தலையைச் சாய்த்துக் கேட்டாள். பிறகு மாஸ்டரைப் பார்த்து, கண் விரியச் சிரித்தாள். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு கையைத் தூக்கினார்.

குழு பாடத் தொடங்கியது.

முதல் வரியில் ஒன்றும் கிழியவில்லை. சரி, உச்ச வரி வரட்டும். உச்ச வரி வந்தது. பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள், இத்தனை நாள் பூட்டியிருந்த மாடிக்கதவு திறந்து கிடப்பதைப் பார்த்தவர்கள்போல. பார்த்துவிட்டு ஏறினார்கள். குரல் கூரைக்குப் போயிற்று. கீழே ஜனங்கள் திரும்பி மாடத்தை அண்ணாந்து பார்த்தார்கள். பிறகு அவர்களும் பாடினார்கள். கட்டட வேலைக்காரர்களும் சந்தைப் பெண்களும், சாரத்தின் மேல் நின்று கூப்பிடுகிற, தெருமுனையில் மீன் கூவுகிற அவர்களுடைய சொந்தக் குரலில் பாடினார்கள். இரண்டு கட்டையில் வாயை மட்டும் அசைத்துக்கொண்டிருந்த கூட்டம் அது. மாஸ்டரின் கை காற்றில் அதுபாட்டுக்கு ஆடிக்கொண்டிருந்தது. யாரும் அதைப் பார்க்கவில்லை.

தாங்க முடியவில்லை அவருக்கு. அவளுக்குக் குழி வெட்டி, குழிக்குள் ஏணியையும் தாமே இறக்கியிருக்கிறார்!

இரண்டாம் சரணம் முடியும்போதுதான் இன்னொன்று நினைவுக்கு வந்தது. மூன்றாம் சரணம் தனிக்குரல். முப்பது வருடமாக அதைப் பாடுகிறவர் செல்லதுரை மாஸ்டர். எல்லோருடைய தொண்டையையும் கணக்குப் பார்த்தவர், தம் தொண்டையை விட்டுவிட்டார்.

மஞ்சுஷா தலையசைத்து அவருக்கு இடம் விட்டாள். பாடினார். நடுவரி வரை நெஞ்சைப் பிடித்துக்கொண்டு போனார். உச்ச வரியில், பித்தளைத் தவலையில் கரண்டி உரசியதுபோல் ஒரு சத்தம் வந்தது. பிறகு அதுவும் வரவில்லை. வாய் திறந்தபடியே நின்றது. அந்த நொடியில் பெண்கள், யாரும் சொல்லாமலே, அவர் விட்ட சொல்லை எடுத்துக்கொண்டு மேலே போனார்கள். பாட்டு விழவில்லை. விழுந்தது மாஸ்டர் மட்டும்தான்.

இறுதி ஆசீருக்கு முன் ஆயர் குழுவை நடுக்கோயிலுக்கு இறங்கிவரச் சொன்னார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, இந்தக் கோயிலில் இப்படிப் பாடிக் கேட்டதில்லை என்றார். ஆர்கன் வாசித்த சகோதரியை முன்னே வரச் சொன்னார். மஞ்சுஷா போனாள். செருப்பை மாடத்தில் மறந்துவிட்டிருந்தாள். மைக்கை வாங்கினாள்.

“பிதாவே, நான் ரெண்டு கட்டையிலதான் வாசிச்சேன். ஆனா நாலு கட்டையில கேட்டது. யாரோ முன்னமே குமிழைத் திருப்பி வச்சிருக்காங்க. வேற யாரு, நம்ம மாஷ்தான். நேத்து எல்லாரும் சாயாக்குப் போனப்போ தனியா மேல இருந்தது அவர்தான். முன்னாடியே சொன்னா பயந்துடுவோம்னு, சொல்லாம வச்சிருக்கார். அந்தக் கட்டையில தன்னால பாட முடியாதுன்னு அவருக்குத் தெரியும் பிதாவே. தெரிஞ்சே வச்சிருக்கார்.” அவள் குரல் உடைந்தது. “எங்களுக்காகத் தன் தொண்டையையே விட்டுக்கொடுத்துட்டார்.”

கோயில் முழுக்க ‘அய்யோ’ என்று ஒரு பெருமூச்சு. முன்வரிசையில் ஒரு பெண் முந்தானையால் மூக்கைச் சிந்தினாள். சேவியர் மாஸ்டரின் தோளைப் பிடித்து முன்னே தள்ளினார்.

மாஸ்டருக்கு உடம்பெல்லாம் கொதித்தது. கையும் இவளுக்கு, காலும் இவளுக்கு, கைதட்டும் இவளுக்கு. இப்போது பெருந்தன்மையும் இவளுக்கா? எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு, போனால் போகிறதென்று தனக்கு ஒரு நல்ல பெயரைப் பிச்சை போடுகிறாளா? இதை மட்டும் விடமாட்டார். மைக்கைப் பிடுங்கினார்.

“பொய்! நல்லதுக்கு வைக்கல. கெடுக்கத்தான் வச்சேன். இவ வாசிக்கும்போது எல்லார் தொண்டையும் கிழியணும், இவ மானம் போகணும், பெஞ்சு எனக்குத் திரும்பி வரணும். அதுக்குத்தான் திருப்பினேன். பொறாமை! எனக்குப் பொறாமை, கேட்டீங்களா?”

அறுபது வருடத்தில் அவர் கோயிலுக்குள் சொன்ன முழு உண்மை அது ஒன்றுதான்.

ஆயர் பீடத்திலிருந்து இறங்கிவந்தார். கை இரண்டையும் விரித்து மாஸ்டரைக் கட்டிக்கொண்டார்.

“பாருங்கள்,” என்றார் ஜனங்களிடம், நனைந்த கண்களோடு. “நன்மையைச் செய்துவிட்டு, புகழ் தமக்கு வரக்கூடாதென்று தம்மையே பாவியாகச் சொல்லிக்கொள்கிறார். தாழ்மை என்று நான் பிரசங்கம்தான் செய்திருக்கிறேன். இன்றுதான் நேரில் பார்க்கிறேன்.”

“இல்ல பிதாவே, நெசமாவே...”

“போதும் மகனே, போதும்.”

கைதட்டல் அடங்க வெகு நேரமாயிற்று. அச்சன் எங்கிருந்தோ ஒரு பொன்னாடை வரவழைத்துப் போர்த்தினார். அந்தச் சூட்டோடு, மாஷ் இன்றோடு மனமுவந்து ஓய்வுபெறுகிறார் என்றும், தாமே முன்வந்து இருக்கையை மஞ்சுஷாவுக்கு விட்டுக்கொடுக்கிறார் என்றும் அறிவித்தார். மாஸ்டர் மைக்கைத் தேடினார். அதை இந்த முறை சேவியர் பத்திரமாக வைத்துக்கொண்டிருந்தார்.

வீட்டில் லூர்து பொன்னாடையை மடித்துக்கொண்டே, “நீங்க சொன்னது நெசம்னு எனக்குத் தெரியும்,” என்றாள்.

மாஸ்டர் நிமிர்ந்தார். உலகத்தில் ஓர் ஆளாவது! “எப்படித் தெரியும்?”

“உங்களோடல்லா குடும்பம் நடத்துதேன்.”

“பின்ன, அங்கயே எந்திரிச்சு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லா?”

“சொல்லியிருப்பேன். அதுக்குள்ள பொன்னாடை போத்திட்டாங்க. நல்ல பட்டு.”

அடுத்த மாதம் ஒரு கல்யாணத்துக்காக மாஸ்டர் ஆலுவாவுக்குப் போனார். திரும்பும்போது ரயில் தாமதம். நிலையத்துக்கு வெளியே சாயாக்கடையில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் இருந்தவர் பேச்சுக்கொடுத்தார். தமிழர், சுடலைமணி என்றார், டைல்ஸ் வேலை என்றார். மட்டாஞ்சேரி என்று கேட்டதும் அவர் முகம் மலர்ந்தது.

“அண்ணாச்சி, அங்க உங்க மாதா கோயில்ல ஒரு பாட்டு வாத்தியார் இருக்காராமே. எங்க மேஸ்திரி சொல்லிச் சொல்லி அழுதாரு. மத்தவங்க நல்லாப் பாடணும்னு தன் குரலையே பலி கொடுத்தாராம். மூணு நாள் பட்டினி கிடந்து வேண்டிக்கிட்டாராம். ஆயரு முன்னால ‘நான் பாவி’ன்னு விழுந்து கும்பிட்டாராம். நான் சாமி கும்பிடுறது வேற கோயில். ஆனாலும் அந்த மாதிரி மனுசன் காலைத் தொட்டுக் கும்பிடணும் அண்ணாச்சி.”

மாஸ்டர் சாயா டம்ளரைக் கீழே வைத்தார். அது நான்தான் என்று சொல்ல நாக்கு நுனி வரை வந்தது. அதற்கு முன் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. தொண்டையைச் செருமிக்கொண்டு, யாரோ மூன்றாம் மனிதரைப் பற்றி விசாரிப்பதுபோலக் கேட்டார்:

“அவரு ஆர்கன் எப்படி? நல்லா வாசிப்பாராமா?”

சுடலைமணி உதட்டைப் பிதுக்கினார். “வாசிப்பெல்லாம் ரொம்பச் சுமார்தானாம் அண்ணாச்சி. மனசுதான் தங்கமாம்.”